முகத்தில் மிகை உரோமம்: பெண்கள் மறைத்து வைக்கும் ஒரு நோய்க்குறி

பெண்களின் மேலுதட்டிலும் நாடியிலும் கன்னத்தோரத்திலும் தடித்த கரிய உரோமம் வளர்வது எமது சமூகத்தில் வாய்விட்டுப் பேசப்படாத விடயங்களுள் ஒன்றாகும். தாய்க்குக்கூடச் சொல்லாமல், கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடியும் கத்தரிக்கோலுமாக நிற்கும் யுவதிகள் தமிழர் இல்லங்களிலும் உள்ளனர். முஸ்லிம் இல்லங்களிலும் உள்ளனர். அழகு சம்பந்தப்பட்ட சிறு குறை என்று இது ஒதுக்கப்படுவதனால், இதன் பின்னால் இருக்கக்கூடிய உடல்நலப் பிரச்சினை வருடக்கணக்கில் கவனிக்கப்படாமலே போய்விடுகின்றது.

கோறளைப்பற்று வடக்கின் வாகரை போன்ற கரையோரப் பகுதிகளில் இந்நிலையின் சுமை இன்னும் கூடுதலானது. மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த வாகரை, 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையையும், 2006 பிற்பகுதி முதல் 2007 ஜனவரி வரை கடும் யுத்தத்தையும் கண்ட மண். அந்நாட்களில் வாகரை வைத்தியசாலையும் அதன் சுற்றாடலுமே ஆயிரக்கணக்கானோரின் புகலிடமாயின. உயிர் தப்புவதே பெரிதாக இருந்த காலத்தில் முகத்து உரோமத்தைப் பற்றி எந்தப் பெண்தான் வைத்தியரிடம் பேசியிருப்பாள்? இன்று நல்ல வீதியும் பஸ்ஸும் உண்டு. எனினும் விசேட வைத்திய நிபுணரைக் காண மட்டக்களப்புக்குச் சென்று திரும்புவதாயின் ஒரு நாள் உழைப்புப் போய்விடும். ஆகவே கைக்கெட்டும் கடையில் விற்கும் கிறீமே முதல் வைத்தியமாகிவிடுவது இயல்பு. ஆபத்தும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றது.

எல்லாப் பெண்களின் முகத்திலும் பூனை மயிர் எனப்படும் மெல்லிய, நிறங்குறைந்த உரோமம் உண்டு. அது நோயன்று. அண்ட்ரோஜன் எனப்படும் ஆண்தன்மை ஹோர்மோன்கள் பெண்ணுடலிலும் சிறிதளவு சுரக்கின்றன. அவற்றின் அளவு கூடும்போதோ, மயிர்க்கால்கள் அவற்றுக்கு மிகையாகத் துலங்கும்போதோ அந்த மென்மயிர் தடித்துக் கறுத்து வளர்கின்றது. இந்நிலையை மருத்துவர்கள் ‘ஹேர்சூட்டிசம்’ என்பர். பெரிமன், கோல்வே என்ற இருவர் 1961இல் வகுத்த அளவுகோல், பிற்காலத்து மாற்றங்களுடன் இன்றும் பயன்படுகின்றது. உடலின் ஒன்பது இடங்களுக்குத் தலா 0 முதல் 4 வரை புள்ளி இட்டு, மொத்தம் 8 அல்லது அதற்கு மேற்படின் மிகை உரோமம் எனக் கொள்வது பொதுவான வழக்கம். ஆனால் இனத்துக்கு இனம் உரோம வளர்ச்சி வேறுபடும். சீனப் பெண்ணுக்கு மிகையாகத் தெரிவது எமது பெண்ணுக்கு இயல்பாக இருக்கலாம். தாய்க்கும் பெரியம்மாவுக்கும் அவ்வாறே இருந்து, மாதவிடாயும் ஒழுங்காக வருமாயின் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை.

மாதவிடாய் தவறி வருகின்றதா என்பதே இங்கு கேட்கவேண்டிய முதற் கேள்வி. மிகை உரோமத்துடன் வரும் பெண்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் காரணமாக இருப்பது பி.சி.ஓ.எஸ். எனப்படும் சூலக நீர்க்கட்டி நோயாகும். உலகளவில் கருவளம் உள்ள வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது காணப்படுகின்றது. இலங்கையின் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில் இதன் வீதம் 6.3 எனக் கண்டறியப்பட்டது. அவ்வாய்வில் பங்குகொண்டவரும் பின்னாளில் கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவருமான பேராசிரியர் சந்திரிகா விஜேரத்ன, 2002இல் பிரித்தானிய ஆய்வாளர்களுடன் இணைந்து வெளியிட்ட இன்னோர் ஆய்வு, அங்கு வாழும் தெற்காசியப் பெண்களை வெள்ளையினப் பெண்களுடன் ஒப்பிட்டது. தெற்காசியப் பெண்களுக்கு இந்நோய் இளவயதிலேயே தலைகாட்டுவதும், இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலை அவர்களிடம் கடுமையாக இருப்பதும் அதில் தெரியவந்தன.

இன்சுலினுக்கும் நாடி மயிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உடல் இன்சுலினுக்குச் சரியாகத் துலங்காதபோது சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது. அந்த மிகை இன்சுலின் சூலகங்களைத் தூண்டி ஆண்தன்மை ஹோர்மோனைக் கூட்டிவிடுகின்றது. அதனால் சூல்முட்டை ஒழுங்காக வெளியேறுவதில்லை, மாதவிடாய் பிந்துகின்றது, முகத்தில் பருவும் உரோமமும் தோன்றுகின்றன. பிடரியிலும் அக்குளிலும் அழுக்குப் படிந்தாற் போன்ற கருமை சிலருக்குத் தோன்றும். பீர்க்கம் நாரால் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. ஏனெனில் அது அழுக்கன்று, இன்சுலினின் அடையாளம். இவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பும், பிள்ளைப்பேறு தாமதமாகும் வாய்ப்பும் அதிகம். உரோமத்தை மாத்திரம் மழித்துவிட்டு இருப்பவள் இவ்வெச்சரிக்கைகளை எல்லாம் சேர்த்தே மறைத்துவிடுகிறாள்.

அரிதான, ஆனால் அவசரமான காரணங்களும் உண்டு. சில மாதங்களுக்குள் திடீரென உரோமம் அடர்வது, குரல் தடிப்பது, முன்தலை வழுக்கையாவது ஆகியன சூலகத்திலோ அதிரீனற் சுரப்பியிலோ கட்டி இருப்பதன் அறிகுறிகளாகலாம். இவை காணப்படின் நாள் கடத்தலாகாது. வலிப்புக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் உரோமத்தைக் கூட்டும். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

இங்கு முகத்தை வெள்ளையாக்கும் கிறீம்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியுள்ளது. பீற்றாமெத்தசோன் போன்ற ஸ்ரீரொயிட் மருந்துகள் கலந்த கிறீம்கள் எமது நாட்டிலும் அயல்நாடுகளிலும் வைத்தியச் சீட்டின்றிக் கைமாறுகின்றன. பூசிய முதல் வாரங்களில் முகம் வெளுத்துப் பளபளக்கும். மாதங்கள் செல்லத் தோல் மெலிந்து சிவந்து, பருக்கள் கிளம்பி, பூசிய இடத்திலேயே உரோமமும் வளரும். நிறுத்தினால் எரிவு தாங்காது மீண்டும் பூசுவர். நிறத்தைத் தேடிப்போய் மீசையை வாங்கிவரும் இந்த வியாபாரத்தைத் தடுக்க வேண்டியவர்கள் இன்னும் முனைப்புடன் செயற்படவேண்டும் என்பதே எமது கருத்து.

உரோமத்தை விட அதனைப் பற்றிய ஏளனமே பலரை நோகடிக்கின்றது. 2024 ஏப்ரலில் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் 98.5 வீதப் புள்ளிகளுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாணவியின் படம் வெளியானபோது, சமூக வலைத்தளங்களில் பலர் பேசியது அவருடைய புள்ளிகளை அல்ல, முகத்து உரோமத்தையே. இன்னும் ஓரிரு புள்ளிகள் குறைவாக எடுத்திருந்தால் இந்தக் கேலிக்கு ஆளாகியிருக்க மாட்டேன் என்ற பொருள்பட அம்மாணவி கூறினார். எமது பாடசாலைகளிலும் பட்டப்பெயர் சூட்டும் வழக்கம் இல்லையா? பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கும் மட்டக்களப்பு வழக்கத்தில், பெண்பார்க்க வரும் மாமிமாரின் கண்ணுக்கு அஞ்சியே அவசர அவசரமாகச் செய்யப்படும் சிகிச்சைகள் எத்தனை!

முஸ்லிம் பெண்கள் பலரிடம் வேறொரு தயக்கமும் உண்டு. முகத்து முடியைப் பிடுங்கும் பெண்களைச் சபிக்கும் ஹதீஸ் புஹாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் இடம்பெற்றுள்ளது. ஆயின் ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைப்பின் அதனை அகற்றுவது ஹராமன்று, விரும்பத்தக்கது என்றே குறிப்பிட்டுள்ளார்கள். இமாம் தபரீ (ரஹ்) போன்று மாற்றுக் கருத்துக் கொண்டோரும் இருந்தனர். எனினும் இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் நவவீ இமாம் என்பது கவனத்திற்குரியது. நோய்க்குச் சிகிச்சை பெறுவது வேறு, அலங்காரத்துக்காகப் புருவத்தை மெலிதாக்குவது வேறு. ஐயமுள்ளோர் தம் ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

இனி, அகற்றும் முறைகளைப் பார்ப்போம். மழித்தால் மயிர் தடித்து வளரும் என்பது எமது பெண்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. 1928இல் மில்ட்ரட் ட்ரொட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதனைச் சோதித்து, மழிப்பதனால் மயிரின் தடிப்போ வேகமோ மாறுவதில்லை எனக் காட்டினார். வெட்டிய முனை மொட்டையாக இருப்பதனால் தடித்தாற் போலத் தோன்றுகின்றது, அவ்வளவே. சுத்தமான, பிறர் பாவிக்காத சவர அலகினால், முகத்தை ஈரமாக்கிச் சவர்க்கார நுரையிட்டு மழிப்பது மிக மலிவானதும் பாதுகாப்பானதும் ஆகும். பெண் சவரம் செய்வதா என்ற கூச்சத்தைத் தவிர இதில் குறையேதும் இல்லை.

நூலால் இழுப்பதும் மெழுகினால் பிடுங்குவதும் சில வாரங்கள் நிற்கும். ஆனால் எமது கரிய தோலில் மயிர்க்கால் வீங்கிக் கரும்புள்ளி விழக்கூடும். உரோமத்தைக் கரைக்கும் கிறீம்களை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்தே முகத்தில் இடவேண்டும். குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசுவது பாட்டிமார் சொன்ன வழி. அதனால் பெரும்பாலும் கெடுதியில்லை. ஆனால் வளர்ந்த தடித்த மயிரை அது வேரோடு போக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை.

நிரந்தரத் தீர்வு தேடிய வரலாறு கசப்பும் கலந்தது. 1875இல் அமெரிக்கக் கண் வைத்தியர் சார்ள்ஸ் மிச்சல், கண்ணுக்குள் வளரும் இமைமயிரை மின்னூசியால் வேரறுத்தார். அதுவே இன்றைய மின்பகுப்பு முறையின் தொடக்கம். மயிர் ஒவ்வொன்றாகச் செய்யவேண்டியிருப்பதனால் பொறுமை வேண்டும். ஆனால் வேர் அழிந்த மயிர் மீண்டும் வராது. 1920களில் அமெரிக்க அழகு நிலையங்களில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு பெண்களின் முகமயிரை நீக்கும் கருவி பரவிற்று. வலியில்லை, தழும்பில்லை என்று விளம்பரம் செய்யப்பட்டது. பல பெண்களுக்குப் பின்னர் தோல் சிதைந்து புற்றுநோயும் வந்தது.

லேசர், மயிரின் கரிய நிறத்தை இலக்காகக் கொண்டு வேரைச் சுடுகின்றது. தோலும் கரியதாயின் அதுவும் சுடப்படலாம். ஆகவே எம்மவருக்கு 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள என்.டி. யாக் வகைக் கருவியே பாதுகாப்பானது. எந்தக் கருவி, இயக்குபவர் யார் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. வளரும் பருவத்திலுள்ள மயிர் மாத்திரமே லேசருக்கு அகப்படும் என்பதால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு முதல் எட்டுத் தடவைகள் செய்யவேண்டி வரும். நரைத்த மயிருக்கு அது பயன்படாது. விளம்பரங்கள் ‘நிரந்தர நீக்கம்’ என்று கூறினாலும் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்த சொல் ‘நிரந்தரக் குறைப்பு’ என்பதே. ஹோர்மோன் சீர்கேட்டைக் கவனியாது லேசர் மாத்திரம் செய்தால் புதிய மயிர்கள் தொடர்ந்து தடிக்கும். கரிய தோலும் ஹோர்மோன் நோயும் உள்ள சிலருக்கு, சுட்ட இடத்தின் ஓரங்களில் முன்னிலும் கூடுதலாக உரோமம் முளைப்பதும் பதிவாகியுள்ளது. தனியார் நிலையமொன்றில் பெருந்தொகை கட்டுவதற்கு முன் அரச வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே புத்தி.

மருந்துகளைப் பொறுத்தவரை, உடற்பருமன் உள்ளவர் தம் நிறையில் 5 முதல் 10 வீதத்தைக் குறைப்பதே மாதவிடாயை ஒழுங்காக்கப் பெரிதும் உதவும். வைத்தியர்கள் கருத்தடை மாத்திரை எழுதுவதும் உண்டு. கலியாணம் முடிக்காத மகளின் பையில் அதனைக் கண்டு பதறும் தாய்மார் ஒன்றை அறியவேண்டும்: இங்கு அது ஹோர்மோனைச் சீராக்கும் மருந்து, மலட்டுத்தன்மையை உண்டாக்குவதன்று. உயர் குருதியமுக்கம், கடும் ஒற்றைத்தலைவலி, இரத்தம் உறைந்த வரலாறு ஆகியன இருப்பின் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஸ்பைரனோலக்டோன் போன்ற மருந்துகள் கருவிலுள்ள ஆண் சிசுவைப் பாதிக்கக்கூடும் என்பதனால், கர்ப்பந்தரிக்க எண்ணுவோர் அவற்றை உட்கொள்ளலாகாது. எந்த மருந்தும் முகத்தில் பலன் காட்ட ஆறு மாதமாவது செல்லும். இரண்டாம் மாதத்தில் மாற்றமில்லை என்று கிளினிக்கைக் கைவிடுவோரே அதிகம்.

வாகரைப் பெண்ணொருத்திக்கு இதன் முதல் வாசல், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர். அவரிடம் சொல்லக் கூச்சமாயின் வாகரை வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு இருக்கின்றது. அங்கிருந்து கடிதம் பெற்று வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ செல்லலாம். அரச வைத்தியசாலையில் வைத்தியரைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. போகும்போது கடைசி ஆறு மாதங்களில் மாதவிடாய் வந்த திகதிகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்லவும். பூசிய கிறீம்களின் வெற்றுக் குழாய்களையும் பையில் போட்டுக் கொள்ளவும். முதல் நாள் நாடியை மழிக்காமல் செல்லவும். வைத்தியர் பார்க்க வேண்டியதே அதுதான்.