எஞ்சினின் வெளிமூச்சு

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் நான். ஆண்டுதோறும் கரும்பலகையில் பெட்ரோல் எஞ்சினின் படத்தை வரைந்து, அதன் நான்கு வீச்சுகளையும் விளக்குவேன். முதல் வீச்சில் பிஸ்டன் கீழிறங்கிக் காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுக்கிறது. இரண்டாவதில் மேலேறி அக்கலவையை இறுக்குகிறது. மூன்றாவதில் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதில் பிஸ்டன் மீண்டும் மேலேறி, எரிந்த வாயுவை வெளியேற்றுகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "மூன்றாவது வீச்சுதான் வேலை செய்வது, நான்காவது வெறும் கூட்டிப் பெருக்கும் வேலை" என்று பாடத்தை முடிப்பேன். அது அரைகுறை உண்மை என்பதை ஓய்வு பெற்ற பின்னரே உணர்ந்தேன். எனக்கு அதை உணர்த்தியது ஒரு பழைய வண்டியின் புகைக்குழாய்.

என் தம்பி அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் குடும்பத்துடன் வாழ்கிறான். கல்லூரியில் படிக்கும் அவன் மகன், ஓய்வு நாட்களில் வீடுகளின் முன்னுள்ள புல்தரையை வெட்டிக் கொடுத்துப் படிப்புச் செலவுக்குப் பொருள் சேர்க்கிறான். புல்வெட்டும் இயந்திரங்களை ஏற்றிய இழுவண்டியை இழுத்துச் செல்வது அவனுடைய பிக்-அப். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் திறந்த சரக்குத் தட்டு உடைய சிறிய வண்டியையே பிக்-அப் என்பர். ஃபோர்டு நிறுவனம் 1925ஆம் ஆண்டில் தன் டி மாடல் காரை இவ்வுருவில் தொழிற்சாலையிலேயே செய்து விற்கத் தொடங்கியது. குடியானவரும் கைத்தொழிலாளரும் அந்நாட்டில் இவ்வகை வண்டியைத் தம் வலக்கையாகவே கொண்டனர்.

நான் அங்குச் சென்று தங்கியிருந்தபோது, காலையில் வண்டியைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று ஓர் ஓசை எழும். எஞ்சின் சூடேறியதும் அடங்கிவிடும். புகை கசிவதே அதற்குக் காரணம். எஞ்சினின் பக்கவாட்டில், சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றுதிரட்டிக் குழாய்க்குள் அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டு ஒன்று உண்டு. அதனை மேனிஃபோல்டு என்பர். அது நாள்தோறும் சூடேறி விரிந்து, குளிர்ந்து சுருங்கியதால், கோடியிலிருந்த போல்ட்டு முறிந்துபோயிருந்தது.

எப்படியும் கழற்றத்தான் வேண்டும் என்றதும், தம்பி மகன் ஒரு முடிவுக்கு வந்தான். "பெரியப்பா, பழைய வார்ப்பை எறிந்துவிட்டு ஹெடர் பூட்டப் போகிறேன். உள்ளதிலேயே அகலமான, நீளமான குழாய்களாக வாங்கினால் வண்டி சிங்கம்போல் முழங்கும்" என்றான். ஹெடர் என்பது, சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி எஃகுக் குழாய்களை வளைத்து, இறுதியில் ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு. "இது வீண் ஆடம்பரம். சேர்த்த பணத்தை ஓசைக்கா செலவிடுவது?" என்று நான் கடிந்துகொண்டேன். அவன் முகம் வாடியது. பின்னர் மெதுவாகக் கேட்டான்: "பெரியப்பா, நீங்கள் ஆசிரியர். அகலமான குழாய் ஏன் நல்லதன்று என்று காரணம் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்." எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை! அன்றிரவு முதல் இருவரும் சேர்ந்து படிக்கலானோம்.

நாங்கள் கற்றதைச் சொல்கிறேன். புகை, வாய்க்கால் நீரைப்போல் ஒரே சீராக ஓடுவதில்லை. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 25 முறை புகையைக் கக்குகிறது. வெளியேறும் வால்வு திறந்தவுடன் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. சாதாரணக் காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். கொதிக்கும் புகையிலோ இந்த அலை 500 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. குழாய்கள் ஒன்றுசேரும் அகன்ற இடத்தை அடைந்ததும், அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது.

நான்காவது வீச்சு முடிந்து முதல் வீச்சு தொடங்கும் தறுவாயில், புகை வெளியேறும் வால்வும் காற்று உள்ளே வரும் வால்வும் சிறுபொழுது ஒருங்கே திறந்திருக்கும். உறிஞ்சும் அலை சரியாக அந்நேரத்தில் வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு போவதோடு புதுக் காற்றையும் உள்ளே அழைத்து வரும். முழுவதும் மூச்சை விட்டவனால்தானே நன்றாக மூச்சை இழுக்க முடியும்? வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் குழாய்கள் மிகவும் குட்டை. ஒரு சிலிண்டரின் புகை மற்றொன்றின் வழியில் குறுக்கிடும். தனிக்குழாய்களின் சிறப்பு இதனால் விளங்கும்.

ஆனால் அலை எப்போதும் நேரத்திற்கு வராது. குழாய் நீளமானால், மெதுவாகச் சுழலும் எஞ்சினுக்கு அது பொருந்தும். குட்டையானால், வேகமாகச் சுழலும் எஞ்சினுக்குப் பொருந்தும். அகலத்திலும் ஒரு கணக்கு உண்டு. 1⅝ அங்குலக் குழாயையும் 1⅞ அங்குலக் குழாயையும் ஒப்பிடுவோம். எட்டில் ஒரு பங்காக எண்ணினால் விட்டங்கள் 13, 15. அவற்றின் வர்க்கங்கள் 169, 225. ஆகவே பெரிய குழாயின் பரப்பு மூன்றில் ஒரு பங்கு மிகுதி. அதே அளவு புகை அதில் முக்கால் வேகத்திலேயே செல்லும். "எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் வேண்டும்" என்று சிலர் சொல்வதுண்டு, அது தவறு. அடைப்பு எவருக்கும் நன்மை செய்வதில்லை. வேண்டுவது புகையின் வேகமே. பந்தயக் கார் மிக விரைவாகச் சுழன்று ஏராளமான புகையைத் தள்ளுவதால் அதற்கு அகலம் ஏற்றது. சுமை இழுக்கும் பிக்-அப்போ பெரும்பாலும் 2000, 3000 சுழற்சிகளில் உழைப்பது. அகலக் குழாய் பூட்டினால் முழக்கம் கூடும். மேட்டில் இழுக்கும் வலிமை குறையும்.

அவ்வாறாயின் ஒடுங்கிய நீளக் குழாயே சிறந்ததன்றோ என்று கேட்பீர்கள். வலிமையை மட்டும் நோக்கினால் அது சரி. ஆனால் நீளக் குழாய் வந்து முடியும் இடத்தில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நிற்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களால் நச்சுப் புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் கருவி அது. அமெரிக்காவில் 1970இல் தூய காற்றுச் சட்டம் திருத்தி வலுப்படுத்தப்பட்டதன் விளைவாக, 1975ஆம் ஆண்டு மாடல் முதல் பெரும்பாலான கார்களில் அது இடம்பெற்றது. அதனைக் கழற்றி எறிவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். பின்னே தள்ளி வைத்தால் சூடேறத் தாமதமாகி, அதுவரை நஞ்சு வெளியேறும். ஆகையால் நீளக் குழாய்களில் பெரும்பாலானவை பந்தயத் திடலுக்கு மட்டுமே உரியவை என்ற குறிப்புடன் விற்கப்படுகின்றன. குட்டைக் குழாய் பொதுவாகக் கன்வெர்ட்டரை அசைப்பதில்லை. கலிபோர்னியா மாநிலத்தின் காற்றுவள வாரியம், ஆராய்ந்து ஒப்பிய பாகங்களுக்கு ஓர் ஆணை எண் வழங்குகிறது. வாங்குவோர் அந்த எண் உண்டா என்று முதலில் பார்ப்பது நன்று.

உலோகத்தையும் நோக்க வேண்டும். சாதாரண எஃகு மலிவு, விரைவில் துருவேறும். பீங்கான் பூச்சு அதனைக் காத்து வெப்பத்தையும் அடக்கும். துருப்பிடிக்காத எஃகில் 304 என்னும் வகை பளபளப்பும் விலையும் மிக்கது. சூட்டில் மிகுதியாக விரியும். 409 என்னும் வகை காலப்போக்கில் மேலே நிறம் மாறினாலும், குறைவாக விரிந்து நெடுநாள் உழைக்கும். எஞ்சினோடு பொருந்தும் தகடு தடிப்பாக இருந்தால் எளிதில் வளையாது. அது வளைந்து கசிந்தால், வெளிக்காற்று உள்ளே புகுந்து, பிராணவாயுவை அளக்கும் உணர்வியை ஏமாற்றும். எஞ்சினும் தேவையின்றி மிகுதியான பெட்ரோலைக் குடிக்கும்.

இவ்வளவும் படித்தபின் அவன் வாங்கியது, ஆணை எண் பெற்ற, 1⅝ அங்குல அளவுள்ள, 409 எஃகுக் குட்டைக் குழாய். முறிந்த போல்ட்டின் துண்டு உள்ளேயே இறுகிக் கிடந்தது. பட்டறைக்காரர் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்த நட்டைத் திருப்பியே துண்டை வெளியே எடுத்தார். முதல் நாள் இழுவண்டியுடன் போய்த் திரும்பியவனிடம், "எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "சிங்கம் முழங்கவில்லை, பெரியப்பா. டிக் டிக் நின்றது. மேட்டில் முன்னைவிடச் சற்று நன்றாக இழுக்கிறது. புத்தகம் வாங்கப் பணமும் மிஞ்சியது" என்றான். மிகைப்படுத்தாத அந்த விடை எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

மாணவ நண்பர்களே! ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, எது பெரியது என்று கேளாதீர்கள். நான் செய்யும் வேலை எது, அதற்குப் பொருந்துவது எது என்று கேளுங்கள். என் வகுப்பில் படித்தவர் எவரேனும் இப்பேச்சைக் கேட்டால், தம் பழைய குறிப்பேட்டில் ஒரு வரியைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். நான்காவது வீச்சு வெறும் கூட்டிப் பெருக்கும் வேலை அன்று. அடுத்த முதல் வீச்சின் தொடக்கமும் அதுவே.