கீபோர்டு ஷார்ட்கட்: அழிந்துபோன கட்டுரையை மீட்பது எப்படி? யார் சொன்னாலும் அழுத்தக் கூடாத விசைகள் எவை?

ஈப்போவில் ஒரு வீடு. இரவு பதினொரு மணி. நாளை காலை பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய தமிழ்க் கட்டுரையை நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட் பக்கம் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டத்தைப் பற்றிய கட்டுரை. பாட்டியிடம் கேட்டுக் கேட்டு எழுதியதில் இரண்டு பக்கம் முடிந்துவிட்டது.

சேமித்து வைக்கலாம் என்று கண்ட்ரோல் + எஸ் அழுத்தப் போகிறீர்கள். விரல் கொஞ்சம் தள்ளிப்போய், பக்கத்திலிருக்கும் ஏ-வில் விழுகிறது. அதைக் கவனிக்காமல் அடுத்த எழுத்தைத் தட்டுகிறீர்கள். திரையில் ஒரே ஒரு எழுத்து. இரண்டு பக்கத்தையும் காணோம்.

"ஐயோ, போச்சு!"

போகவில்லை. கண்ட்ரோல் + ஏ என்பது எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் கட்டளை. தேர்ந்தெடுத்த பகுதியின் மேல் எதைத் தட்டினாலும், பழையது போய் புதியது வந்துவிடும். நடந்தது அவ்வளவுதான். கையை எடுங்கள், ஃபைலை மூடாதீர்கள், கண்ட்ரோல் + இசட் அழுத்துங்கள். கட்டுரை திரும்பி வந்துவிடும்.

இப்படி அன்றாடம் கைகொடுக்கும் ஷார்ட்கட்டுகள் எவை, தமிழில் தட்டச்சு செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை என்ன, எதை அழுத்தினால் ஆபத்து? இந்தக் கட்டுரை விளக்குகிறது.

(இங்கே சொல்லப்படுபவை விண்டோஸ் கணினிக்கானவை. மேக் வைத்திருப்பவர்கள் பெரும்பாலானவற்றில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசையை அழுத்த வேண்டும்.)

இசட், எக்ஸ், சி, வி: ஏன் இந்த நான்கு எழுத்துகள்?

கீபோர்டின் கீழ் வரிசையைப் பாருங்கள். இசட், எக்ஸ், சி, வி நான்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. பிழையைத் திரும்பப் பெற இசட், வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி. இடது கையாலேயே நான்கையும் செய்துவிடலாம். வலது கை மவுஸை விட வேண்டியதில்லை.

வெட்டி ஒட்டும் இந்த முறைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். 1970-களில் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில், டிம் மோட் என்பவருடன் சேர்ந்து 'ஜிப்சி' என்ற எழுத்துச் செயலியை அவர் உருவாக்கினார்.

அதற்கு முன்பு அங்கே இருந்த 'பிராவோ' என்ற செயலியில் ஒரு சிக்கல் இருந்தது. எழுதும் நிலை வேறு, கட்டளை கொடுக்கும் நிலை வேறு. எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து, கட்டளை நிலையில் 'எடிட்' என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் கதை முடிந்தது. முதல் எழுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது அழிக்கும், மூன்றாவது புதிதாக எழுதத் தொடங்கும். கடைசி எழுத்து மட்டும் திரையில் மிஞ்சும். நம் ஈப்போ வீட்டில் நடந்த அதே விபத்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே!

இப்படி நிலை மாறும் வடிவமைப்பே கூடாது என்பது டெஸ்லரின் கொள்கை. 'நிலைகள் வேண்டாம்' என்று பொருள்படும் சொல்லைத் தன் காரின் எண் பலகையிலேயே வைத்திருந்தார். பிறகு அவர் ஆப்பிள் நிறுவனத்துக்குப் போனார். 1983-இல் வெளிவந்த ஆப்பிள் லீசா கணினியும், அடுத்த ஆண்டு வந்த மேக்கின்டோஷும் இந்த முறையைப் பரவலாக்கின. டெஸ்லர் 2020-இல் காலமானார். அவர் பெயர் தெரியாதவர்களும் தினமும் அவர் வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

காணாமல் போனதை மீட்கும் ஷார்ட்கட்டுகள்

கண்ட்ரோல் + இசட்: கடைசியாகச் செய்ததைத் திரும்பப் பெறும். பல முறை அழுத்தினால் ஒவ்வொரு படியாகப் பின்னால் போகும். அளவுக்கு மீறிப் பின்னால் போய்விட்டால், கண்ட்ரோல் + ஒய் மறுபடி முன்னால் கொண்டுவரும். ஆனால் ஃபைலை மூடிவிட்டால் பெரும்பாலான செயலிகளில் இந்த வசதி போய்விடும். அதனால்தான் முதலில் 'மூடாதீர்கள்' என்றோம்.

கூகுள் டாக்ஸில் எழுதுகிறீர்களா? அங்கே இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + எச் அழுத்தினால் பழைய பதிப்புகளின் பட்டியல் வரும். மூடிவிட்டு மறுநாள் திறந்தாலும், அழிவதற்கு முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து மீட்கலாம்.

கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டி: தவறுதலாக மூடிய பிரவுசர் பக்கத்தை மறுபடி திறக்கும். இது ஆர், ஒய் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் டி. பக்கம் திரும்ப வந்தாலும், அதில் பாதி நிரப்பிய விண்ணப்பம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக விண்ணப்பம், உபகாரச் சம்பள விண்ணப்பம் போன்றவற்றில் நீண்ட பதில்களை முதலில் வேறு ஒரு ஃபைலில் எழுதி, பிறகு ஒட்டுவது நல்லது.

விண்டோஸ் விசை + வி: சாதாரணமாக, புதிதாக ஒன்றை நகலெடுத்தால் முன்பு எடுத்தது போய்விடும். இந்த வசதியை ஒரு முறை இயக்கி வைத்தால், கடைசியாக நகலெடுத்த 25 விஷயங்கள் வரை பட்டியலாக நிற்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி: இதைத் தெரிந்துகொண்டால் கட்டுரையின் தோற்றம் கெடாது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன என்ற தகவலை ஓர் இணையப் பக்கத்திலிருந்து எடுக்கிறீர்கள். சாதாரணமாக ஒட்டினால், அந்தப் பக்கத்தின் எழுத்துரு, நிறம், அளவு எல்லாம் கூடவே வந்துவிடும். ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் வரும். பிரவுசர்களிலும் கூகுள் டாக்ஸிலும் வேர்டின் புதிய பதிப்புகளிலும் இது வேலை செய்யும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு என்ன தனியாக இருக்கிறது?

ஒரே கட்டுரையில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து எழுதுவது நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு முறையும் மவுஸை எடுத்து, திரையின் மூலையில் மொழியை மாற்ற வேண்டாம். விண்டோஸ் விசையை அழுத்தியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள், கீபோர்டு மாறிவிடும். மேக்கில் கண்ட்ரோல் + ஸ்பேஸ்.

எந்தக் கீபோர்டு முறை? பரவலாக இருப்பவை இரண்டு. ஒன்று, தமிழ் 99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டது. இடது கைப் பக்கம் உயிரெழுத்துகள், வலது கைப் பக்கம் பெரும்பாலான மெய்கள். ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று எழுத நான்கு தட்டுகள் போதும். மற்றொன்று, ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்துத் தட்டும் அஞ்சல் முறை. அதில் 'அம்மா'வுக்கு ஐந்து தட்டுகள். அஞ்சல் உடனே வந்துவிடும். தமிழ் 99-க்குச் சில வாரப் பயிற்சி வேண்டும், ஆனால் நிறைய எழுதுபவர்களுக்கு விரல் வேலை குறையும்.

அஞ்சல் முறை நம் நாட்டிலிருந்து போனது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கிய முரசு மென்பொருளின் வழி வந்தது அது. மேக் கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'தமிழ் சங்கம் எம்.என்.' என்று ஒன்று இருக்கும். அந்த 'எம்.என்.' அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான்.

அவர் தொடங்கிய காலத்தில் தமிழை வெட்டி ஒட்டுவதே பெரும்பாடு. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் ஒட்டினால் கிறுக்கல் மாதிரி தெரியும். யூனிகோட் பரவலான பிறகுதான், இங்கே நகலெடுத்த தமிழ் உலகில் எங்கே ஒட்டினாலும் தமிழாகவே நிற்கிறது. கண்ட்ரோல் + எஃப் போட்டு ஒரு தமிழ்ச் சொல்லைத் தேட முடிவதும் அதனால்தான்.

இன்னொரு சின்ன விஷயம். 'கி' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது 'க'வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. அதனால் பெரும்பாலான செயலிகளில் எழுத்துக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் அழுத்தினால் குறி மட்டும் போகும், 'க' நிற்கும். எழுத்துக்கு முன்னால் நின்று டெலீட் அழுத்தினால் முழு எழுத்தும் போய்விடும். குறியை மட்டும் திருத்த வேண்டுமா, முழுதாக அழிக்க வேண்டுமா என்பதைப் பொறுத்து விசையைத் தேர்ந்தெடுங்கள். முழுச் சொல்லையே அழிக்க, கண்ட்ரோல் + பேக்ஸ்பேஸ்.

மவுஸிலும் ஷார்ட்கட் உண்டா?

உண்டு. ஒரு சொல்லின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் அந்தச் சொல் தேர்வாகும். மூன்று முறை செய்தால் பத்தி முழுவதும் தேர்வாகும். நீண்ட பகுதி வேண்டுமென்றால் மவுஸை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். தொடக்கத்தில் ஒரு கிளிக், கடைசிக்குப் போய் ஷிஃப்ட்டை அழுத்தியபடி இன்னொரு கிளிக். நடுவில் இருப்பது எல்லாம் தேர்வாகிவிடும்.

பிரவுசரில் ஓர் இணைப்பை மவுஸின் நடுச் சக்கரத்தால் அழுத்தினால், அது புதிய டேபில் திறக்கும். கண்ட்ரோலை அழுத்தியபடி சக்கரத்தைச் சுழற்றினால் எழுத்து பெரிதாகும், சிறிதாகும். பாட்டியிடம் கட்டுரையைக் காட்டும்போது இது உதவும்.

பொதுக் கணினியில் கவனிக்க வேண்டியவை

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்களில் எல்லாருக்கும் ஆளுக்கொரு லேப்டாப் என்பது இன்றும் இல்லை. வீட்டில் ஒரே கணினியை மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். சிலர் பள்ளிக் கணினி அறையை நம்பியிருக்கிறார்கள், சிலர் ஈப்போ துன் ரசாக் நூலகம் போன்ற பொது இடங்களுக்குப் போகிறார்கள்.

உங்களுக்கென்று தனிக் கணக்கு உள்ள கணினியை விட்டு எழுந்தால் விண்டோஸ் விசை + எல் அழுத்துங்கள். திரை பூட்டிக்கொள்ளும். எல்லாரும் ஒரே கணக்கில் பயன்படுத்தும் கணினி என்றால், குரோம் அல்லது எட்ஜில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என் அழுத்தித் தனிப்பட்ட சாளரத்தில் வேலை செய்யுங்கள். அதை மூடியதும் உள்நுழைவு விவரங்கள் அந்தக் கணினியில் தங்காது. ஆனால் நீங்கள் பதிவிறக்கிய ஃபைல் அங்கேயே இருக்கும், அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும். விண்டோஸ் விசை + வி பட்டியலையும் ஒரு முறை திறந்து பாருங்கள். அடையாள அட்டை எண்ணையோ கடவுச்சொல்லையோ நகலெடுத்திருந்தால், அடுத்து உட்காருபவர் கண்ணில் அது படக்கூடும்.

யார் சொன்னாலும் அழுத்தக் கூடாதவை

ஷார்ட்கட் பழக்கத்தையே மோசடிக்காரர்கள் ஆயுதமாக்கியிருக்கிறார்கள். 2024 முதல் பரவலாகக் காணப்படும் இந்த உத்திக்குக் 'கிளிக்ஃபிக்ஸ்' என்று பெயர்.

இலவசப் படமோ மென்பொருளோ தேடி ஒரு பக்கத்துக்குப் போகிறீர்கள். 'நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிப்படுத்துங்கள்' என்று ஒரு பெட்டி வரும். கிளிக் செய்ததும் மூன்று படிகள் காட்டும்: விண்டோஸ் விசை + ஆர் அழுத்துங்கள், கண்ட்ரோல் + வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள்.

பார்க்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். உண்மையில் நடப்பது வேறு. நீங்கள் கிளிக் செய்த நொடியிலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கணினியின் நகல் நினைவகத்தில் வைத்துவிடுகிறது. விண்டோஸ் விசை + ஆர், கட்டளைகளை இயக்கும் பெட்டியைத் திறக்கிறது. கண்ட்ரோல் + வி, அந்தக் கட்டளையை அங்கே ஒட்டுகிறது. என்டர், அதை இயக்குகிறது. பூட்டை உடைத்து யாரும் உள்ளே வரவில்லை. கதவைத் திறந்துவிட்டது நீங்களே. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் மென்பொருள் இப்படித்தான் உள்ளே வருகிறது.

உண்மையான எந்தச் சரிபார்ப்பும் இந்த மூன்று படிகளைக் கேட்காது. மேக்கில் 'டெர்மினலைத் திறந்து ஒட்டுங்கள்' என்று கேட்டாலும் இதே கதைதான். பக்கத்தை மூடிவிடுங்கள்.

அழுத்தித் தொலைத்துவிட்டால்? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையும், என்.எஸ்.ஆர்.சி. எனப்படும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். ஆதாரத்துக்குத் திரையைப் படமெடுக்க விண்டோஸ் விசை + ஷிஃப்ட் + எஸ் உதவும்.

இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது?

மனப்பாடம் செய்ய வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். இந்த வாரம் விண்டோஸ் விசை + ஸ்பேஸ் என்றால், ஒரு வாரத்துக்கு மொழி மாற்ற மவுஸைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அது தானாகக் கைக்கு வந்துவிடும்.

காலையில் பிரட்டு முடிந்ததும் உளியோடு கிளம்பி நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டிய தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். கை பழகிவிட்டது என்பார். ஆனால் எவ்வளவு பழகிய கையானாலும், ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம் என்பதை அவர் மறந்ததில்லை. கீபோர்டிலும் அப்படித்தான். விரல் வேகமாகப் போகட்டும். ஆனால் என்டர் தட்டுவதற்கு முன், இது என்ன செய்யும் என்று ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள்.