ராத்தாவின் குளிசை சாச்சிக்கு ஆகுமா?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கங்களில் உம்மாவின் வீடும் மகள்மாரின் வீடுகளும் ஒரே வளவுக்குள் இருப்பது வழக்கம். கறிக் கோப்பை வேலி தாண்டிப் போவது போலவே குளிசையும் போகும். "புள்ள, முழங்கால் உளையுது. ராத்தா போட்ட குளிசை ரெண்டு இருந்தா தா" என்பார் சாச்சி.

அது பெரும்பாலும் டைக்ளோபெனக் குளிசைதான். கெட்ட மருந்தல்ல. வேறு வருத்தம் இல்லாதவருக்கு டொக்டர் சில நாட்களுக்கு எழுதிக் கொடுத்தால் நல்ல சுகம் தரும். ஆனால் சகோதரிகளே, சாச்சிக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தால் கதையே வேறு.

நம் உடலில் சுரக்கும் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகிறது. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும், தளர்ந்துபோன சிறுநீரகத்துக்கு இரத்தம் போய்ச்சேர உதவுவதும் அதே பொருள்தான். டைக்ளோபெனக் அதன் உற்பத்தியையே தடுக்கிறது. வலி குறையும், காவலும் விலகும். வயிற்றில் புண் உள்ளவருக்கு இரத்தம் கசியலாம். சீனியால் பழுதுபட்ட சிறுநீரகம் மேலும் பழுதாகலாம், அதுவும் சத்தமின்றி. பிரஷருக்கு எனலாபிரில் அல்லது லொசாட்டனும், கூடவே சிறுநீர் போவதற்கான குளிசையும் பாவிப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். நோன்பு காலத்தில் உடம்பில் நீர் வற்றியிருந்தால் சொல்லவே வேண்டாம். முட்டு வருத்தக்காரர் சிலருக்கு இது இழுப்பையும் கிளப்பிவிடும்.

இருதயத்தையும் சொல்ல வேண்டும். 1999 இல் வெளிவந்த வயொக்ஸ் என்ற மூட்டுவலி மருந்து இதே இனத்தைச் சேர்ந்தது. மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுவது தெரிந்ததும், 2004 செப்டம்பரில் அதைத் தயாரித்த கம்பனியே உலகெங்குமிருந்து மீளப் பெற்றுக்கொண்டது. மாரடைப்பு வந்தவர்களும் இருதயம் பலவீனமானவர்களும் டைக்ளோபெனக் பாவிக்கலாகாது என்று 2013 இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் அறிவித்தது.

காய்ச்சலுக்கும் இதைக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தப் பெருக்கில் கொண்டுபோய் விடும்; பரசிட்டமோலை அளவோடு கொடுங்கள்.

மருத்துவம் அறியாதவர் மருந்து கொடுத்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது பிக்ஹ் சட்டம். அன்பால் கொடுத்தேன் என்பது அங்கே பதிலாகாது.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியை அலுமாரியில் பூட்டிவிட்டு, பின்னேரம் தனியார் டொக்டரிடம் வெறுங்கையோடு போய் "கால் உளைவு" என்று மட்டும் சொல்வது. அவர் எதைக் கண்டு மருந்து எழுதுவார்? கொப்பியையும், வீட்டில் பாவிக்கும் குளிசைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கர்ப்பமாக இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். சீனியோ பிரஷரோ உள்ளவர்கள், கடைசியாகக் கிரியட்டினின் இரத்தப் பரிசோதனை செய்த துண்டையும் காட்டுங்கள்.