கமராவும் கணினியும்: இணைப்புத் தடைகளை ஆராயும் முறை

கமராவையும் கணினியையும் ஒரு வடத்தால் இணைத்த மாத்திரத்தே படங்கள் திரையில் வந்து தோன்றும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பெரும்பாலும் அவ்வாறே நிகழ்கின்றது. நிகழாத வேளைகளிலேதான் இவ்விணைப்பின் இயல்பு சிந்தனைக்குரியதாகின்றது. பரிசளிப்பு விழாவிலோ இல்ல மெய்வல்லுநர் போட்டியிலோ எடுக்கப்பெற்ற நூற்றுக்கணக்கான படங்கள் கமராவினுள் இருக்க, கணினியோ யாதும் அறியாதது போல வாளாவிருக்கும். இந்நிலையில் சிலர் கமரா பழுதடைந்ததென முடிவு செய்து அதனைத் திருத்துமிடத்துக்குக் கொண்டு செல்வர். சிலர் வடத்தைப் பலமுறை பிடுங்கியும் செருகியும் கமராவின் வாயைத் தளர்த்திவிடுவர். வேறு சிலர், அட்டையைப் ‘போமற்’ செய்தல் வேண்டுமா என்று கணினி வினவ, வினாவின் பொருளுணராது ‘ஆம்’ என விடையளித்துவிடுவர். இம்மூன்றினுள்ளும் பெருங்கேடு விளைப்பது கடைசியில் கூறப்பட்டதே. போமற் செய்தல் என்பது அட்டையின் பட்டியலை வெறுமையாக்கிப் புதிதாக ஒழுங்கு செய்தலாகும்.

ஆகவே முதற்கண் மனத்திருத்த வேண்டியது ஒன்றுண்டு. படங்கள் உறைவது நினைவக அட்டையிலாகும், வடத்திலன்று. இணைப்புத் தடைப்பட்டமை கொண்டு, படங்களுக்கு ஊறு நேர்ந்துவிட்டது என்று கொள்ளுதல் பொருந்தாது. கமராவின் திரையிலே படங்கள் தோன்றுமாயின் அவை நலமாகவே உள்ளன எனத் துணியலாம். அவசரப்படுதற்குக் காரணமில்லை; தடை எவ்விடத்துள்ளது என்று ஆராய்தற்கு வேண்டிய அவகாசம் உண்டு.

இவ்வாராய்ச்சிக்கு இணைப்பின் வரலாறும் அமைப்பும் ஓரளவு தெரிந்திருத்தல் வேண்டும். யூ.எஸ்.பி. எனப்படும் இணைப்பு முறை, இன்டெல், ஐ.பி.எம்., மைக்ரோசொப்ற் முதலிய ஏழு நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் 1996 ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்தது. அதற்கு முன்னர் அச்சுப்பொறிக்கு ஒரு வகை வாயும், விசைப்பலகைக்கு வேறொரு வகை வாயும், ஏனையவற்றுக்குப் பிறிதொன்றுமாகக் கணினியின் பின்புறம் பல்வேறு துளைகளால் நிறைந்திருந்தது. அவையனைத்தையும் ஒன்றாக்குதலே புதிய முறையின் நோக்கம். 1998 இல் அது திருத்தம் பெற்றது; 2000 இல் இரண்டாம் பதிப்பும் 2008 இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. செக்கனுக்கு 12 மெகாபிற்று என்றிருந்த உச்ச வேகம் 480 ஆகவும், பின்னர் 5,000 ஆகவும் உயர்ந்தது. எனினும், எல்லாவற்றுக்கும் பொதுவானது என்னும் அதன் பெயர் முழுவதும் பொருந்துமெனக் கூறல் அரிது. கமராவின் பக்கத்தில் செருகப்படும் முனைகளை மட்டும் நோக்கினும் மினி, மைக்ரோ, சி என வடிவங்கள் பல. இவற்றோடு நிற்காது, நிக்கோன் கூல்பிக்ஸ் கமராக்கள் பலவற்றிற்போல எட்டு ஊசிகள் கொண்ட தனிவகை முனையை அமைத்த நிறுவனங்களும் உள.

இவ்விணைப்பிலே கணினி தலைமை வகிக்கும். கமரா அதற்கு அடங்கி நடக்கும். வினவினாலன்றி வாய்திறவாத மாணவனைப் போன்றது கமரா. அது தானாக முன்வந்து படங்களை அனுப்புவதில்லை. கணினி வினவ வேண்டும். கமரா விடையிறுக்க வேண்டும். இவ்வினாவிடை எக்கட்டத்தில் நின்றுவிட்டது என்று அறிதலே தடையாராய்ச்சியின் உயிர்நாடியாகும்.

இரண்டாம் பதிப்பு வரையிலான வடத்தினுள்ளே நான்கு கம்பிகள் செல்கின்றன. இரண்டு 5 வோல்ற்று மின்னைக் கொண்டு செல்வன. ஏனைய இரண்டும் செய்தியைக் கொண்டு செல்வன. கணினிப் பக்கத்துச் செருகியை உற்று நோக்கின் ஒரு நுட்பம் புலப்படும். ஓரங்களிலுள்ள மின் தகடுகள் இரண்டும் நடுவிலுள்ள செய்தித் தகடுகளிலும் சற்று நீளமானவை. செருகும்போது மின் முன்னும் செய்தி பின்னுமாகத் தொடர்புறுதற்கே இவ்வேற்பாடு. தொடர்பு ஏற்பட்டதும் கமரா, தன்னுள்ளேயுள்ள 1,500 ஓம் தடையொன்றின் வழியாகச் செய்திக் கம்பிகளுள் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துகின்றது. ‘ஈண்டு ஒரு கருவி வந்துளது’ என்பதற்கு அதுவே அடையாளம். அதனைக் கண்ட கணினி, புதிதாக வந்ததனை முதனிலைக்கு மீளச்செய்து, 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்றை அதற்கு முகவரியாக வழங்கும். அதன்பின், ‘நீ யார்? உன்னை ஆக்கிய நிறுவனம் எது? நீ எவ்வகுப்பைச் சார்ந்த கருவி? உனக்கு எவ்வளவு மின் தேவை?’ என்னும் வினாக்கள் எழும். விடைகளைக் கொண்டு, அக்கருவியோடு உரையாடற்கு ஏற்ற இயக்கி மென்பொருளைக் கணினி தெரிந்தெடுக்கும். இவையனைத்தும் ஓரிரு செக்கனுள் முடிந்துவிடுதலின் காண்போர் உணர்வதில்லை.

இனி, தடைகளை அவ்வக் கட்டத்துக்கேற்ப நோக்கலாம்.

வடத்தைச் செருகிய பின்னர் ஒலியோ அறிவிப்போ சிறிதும் தோன்றாதாயின், ‘வந்துளேன்’ என்னும் அடையாளமே கணினியைச் சென்றடையவில்லை என்பது தெளிவு. இந்நிலையில் இயக்கி மென்பொருளைத் தேடி அலைதல் வீண்முயற்சி. வராத விருந்தினனின் பெயரை எவர் வினவுவர்? முதற்கண் ஐயுறத்தக்கது வடம். கைத்தொலைபேசிகளுக்கு மின்னேற்றும் பொருட்டு விற்கப்படும் மலிவான வடங்கள் சிலவற்றுள் செய்திக் கம்பிகள் இல்லை. புறத்தே நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும், முனையும் பொருந்தும், மின்னும் பாயும், படம் மட்டும் வாராது. இவ்வொரு காரணத்தாற் பழிசுமந்த கமராக்கள் பல. வேறொரு கருவியிலிருந்து கோப்புகளைக் கொண்டுவந்து ஏற்கெனவே பயன் தந்த வடமொன்றைக் கொண்டு சோதித்தலே இதற்குத் தக்க வழி.

வடம் குற்றமற்றதாயின் கமராவின் நிலையை நோக்குக. மின்கலம் வலுவிழந்திருப்பின் கமரா விழித்தெழாது. கணினியிலிருந்து வரும் மின்னே தன்னை இயக்கப் போதுமென்று எல்லாக் கமராக்களும் அமைக்கப்பெறவில்லை. பழைய கமராக்கள் சில, படமெடுக்கும் நிலையை விடுத்துப் படங்காட்டும் நிலைக்கு மாற்றப்பட்டாலன்றித் தொடர்பு கொள்ளா. சிறிது நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும் இயல்பினால் இடைநடுவில் மறைந்துவிடுவனவும் உண்டு. கம்பியில்லாத் தொடர்பாகிய வைபை வசதி பெற்ற கனன் கமராக்கள் சிலவற்றில், அவ்வசதி திறந்திருக்கும் வரையில் வடவழித் தொடர்பு இயங்காது. அதனை மூடியதும் தடை நீங்கிவிடும். வாயிலே தூசியோ பஞ்சோ அடைந்திருத்தலும், ஊசி வளைந்திருத்தலும் ஒளிபாய்ச்சி நோக்கிக் கண்டறியத்தக்கவை.

ஈண்டு ஒரு நெறி வற்புறுத்தற்குரியது. ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். வடத்தையும் துறையையும் கணினியையும் ஒருங்கே மாற்றி வெற்றி கண்டவர், எது குற்றமுடையது என்பதை ஒருநாளும் அறியார். அடுத்த ஆண்டு விழாவின்போதும் அதே வடமே அவர் கைக்கு வந்து சேரும். பள்ளி ஆய்வுகூடத்தில், ஏனையவற்றை மாறாது வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பயன்கொள்ளும் மாணவன் இங்கும் அம்முறையையே கையாளலாம்.

‘அறியப்படாத கருவி’ என்று கணினி அறிவிக்குமாயின் நிலைமை வேறு. விருந்தினன் வந்தது தெரிகின்றது. ஆயின் அவன் கூறிய பெயர் விளங்கவில்லை. செய்தி செல்லும் வழியில் சிதைவு நேர்ந்திருக்கலாம். அல்லது கமராவின் மின்சுற்றே குழம்பியிருக்கலாம். 5 மீற்றருக்கு மேற்பட்ட நீளமுடைய வடங்கள் இம்முறைக்கு ஏற்றனவல்ல. வடத்தோடு வடம் தொடுத்து நீட்டுவோர் பெரும்பாலும் இவ்வெல்லையை மறந்துவிடுகின்றனர். ஒரு துறையைப் பலவாகக் கிளைக்கச் செய்யும் பிரிப்பான்களும் இடர் விளைப்பனவே. இரண்டாம் பதிப்புத் துறையொன்று 500 மில்லி அம்பியர் வரை மின் வழங்க வல்லது. தனக்கென மின்னூட்டம் இல்லாத பிரிப்பானில், அவ்வளவைப் பல கருவிகள் பங்கிட்டுக்கொள்ள நேர்தலின் எல்லாவற்றுக்கும் குறைவு உண்டாகும். மேசைக் கணினியாயின், முன்புறத் துறையினும் தாய்ப்பலகையோடு நேரே பொருந்திய பின்புறத் துறையே நம்பத்தக்கது. இவற்றுக்குப் பின்னரும் தடை நீங்காவிடின், வடத்தை அகற்றி, கமராவை அணைத்து, மின்கலத்தை வெளியே எடுத்துச் சில நிமிடங்கள் கழித்து மீளப் பொருத்துதலும், கணினியை அணைத்துத் திறத்தலும் பயன்தரும். இது சடங்கு போலத் தோன்றினும், இடையிலே குழம்பிநின்ற வினாவிடையைத் தொடக்கத்துக்குக் கொண்டு செல்வது இதன் பயனாகும்.

மூன்றாவது நிலையே பலரையும் மயக்குவது. கணினி கமராவை இனங்கண்டுகொள்கின்றது. அதன் பெயரைத் திரையிலும் காட்டுகின்றது. எனினும் படங்கள் எங்குளவென்று தெரியவில்லை. இம்மயக்கத்துக்குக் காரணம் கமராக்கள் தம்மை இருவேறு வகையில் அறிமுகம் செய்துகொள்ளுதலாகும். ஒரு வகையில் கமரா, தான் ஒரு சேமிப்புத் தட்டு எனக் கூறிக்கொள்ளும். அப்பொழுது அட்டை முழுவதும் கணினியின் ஆட்சிக்குட்படும். ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராகக் கொண்ட தட்டாக அது தோன்றும். மற்றைய வகை பி.ரி.பி. எனப்படும் படப்பரிமாற்ற ஒழுங்காகும். அதிலே அட்டையின் ஆட்சி கமராவிடமே இருக்கும். ‘இன்ன படத்தைத் தருக’ என்று கணினி கேட்க, கமரா எடுத்துக் கொடுக்கும். அங்கே தட்டு எழுத்து இராது. முன்னையதை நூலகத்தின் திறப்பையே வாசகரிடம் ஒப்படைத்தலுக்கும், பின்னையதை நூலகர் மேசையிலே நூலைக் கேட்டுப் பெறுதலுக்கும் ஒப்பிடலாம்.

கனன் நிறுவனத்தின் கமராக்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சார்ந்தவை. ஆகவே, அவற்றை இணைத்துவிட்டுத் தட்டு எழுத்தைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். 2004 இல் வெளிவந்த நிக்கோன் டி70 போன்றவற்றில் இரண்டு முறைகளும் அமைக்கப்பட்டு, வேண்டியதைக் கமராவின் பட்டியலிலே தெரிவு செய்யும் வாய்ப்பும் வழங்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000 படப்பரிமாற்ற ஒழுங்கை அறியாது. 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி அதனை அறியும். ஆதலின் ஒரே கமரா ஒரு கணினியில் இயங்கி மற்றொன்றில் இயங்காதிருந்தமை வியப்பன்று. இவ்விரு முறைகளும் உள்ள கமராவாயின், ஒன்றிலே தடை ஏற்பட்டபோது மற்றையதற்கு மாற்றிப் பார்த்தலே எளிய பரிகாரம். மாற்றும்போது வடத்தை அகற்றிவிட்டு மாற்றுதல் நன்று. அறிமுகம் இணைப்பின் தொடக்கத்தில் ஒருமுறையே நிகழ்வதாகலின்.

கணினிப் பக்கத்துக் குறைகளும் இக்கட்டத்திலேயே ஆராயத்தக்கன. விண்டோசில் சாதன முகாமையாளர் என்னும் பகுதியைத் திறந்து நோக்கின், கமராவின் பெயரருகே மஞ்சட் குறியொன்று தோன்றக்கூடும். அது இயக்கி மென்பொருள் பொருந்தவில்லை என்பதைக் காட்டும். அப்பதிவை நீக்கி, கமராவை மீண்டும் செருகினால், கணினி புதிதாக அறிமுகம் செய்துகொள்ளும். விண்டோசின் ‘என்’ என்னும் அடையாளமுடைய பதிப்புகளில், ஐரோப்பிய ஆணையத்தின் 2004 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விளைவாக ஊடகப் பகுதிகள் நீக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தனியாகப் பெற்று நிறுவினாலன்றிக் கமராக்கள் தோன்றாதிருக்கலாம். லினக்ஸ் முறைமையில் ஒரு மென்பொருள் கமராவைப் பற்றிக்கொண்டிருக்கையில் மற்றொன்று அதனை அணுக இயலாது. முன்னையதை மூடுதல் வேண்டும்.

படங்கள் தோன்றியும் மிக மெதுவாக நகருமாயின், பழைய துறையோ பழைய பிரிப்பானோ இடைப்பட்டிருக்கின்றது எனக் கொள்ளலாம். செக்கனுக்கு 12 மெகாபிற்று வேகத்தில் ஒரு கிகாபைற்று அளவுள்ள படங்களை மாற்றுதற்கு, எவ்வித இடையூறும் இல்லாவிடத்தும் பதினொரு நிமிடத்துக்கு மேலாகும். இதனைத் தடையென்று கருதி இடையிலே வடத்தைப் பிடுங்குவோர் புதியதொரு தடையை உண்டாக்குகின்றனர்.

இம்முயற்சிகள் அனைத்தும் பயனளியாதவிடத்து, அட்டையைக் கமராவிலிருந்து எடுத்து அட்டை வாசிப்பான் ஒன்றிலே இடுதல் தக்கது. உண்மையில், அவசரமுடையோர் இதனையே முதலிற் செய்தலும் தவறன்று. படங்கள் வாசிப்பானில் தோன்றுமாயின் அட்டை நலமென்பதும் குற்றம் அட்டைக்குப் புறம்பே உள்ளது என்பதும் உறுதியாகும். ஆயின் வாசிப்பானுக்கும் வயதுண்டு. 2 கிகாபைற்று வரையுள்ள பழைய எஸ்.டி. அட்டைகளுக்கென ஆக்கப்பட்ட வாசிப்பான், 2006 இல் வந்த எஸ்.டி.எச்.சி. அட்டைகளை அறியாது. 32 கிகாபைற்றுக்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. அட்டைகளின் கோப்பு ஒழுங்கைப் பழைய கணினிகள் சில அறியா. அத்தகைய கணினி, தான் அறியாத அட்டையைக் கண்டதும், ‘போமற் செய்தல் வேண்டுமா?’ என்று வினவும். அட்டை பழுது என்பது அதன் பொருளன்று. ‘இதன் மொழி எனக்குத் தெரியாது’ என்பதே அதன் பொருள். அவ்வினாவுக்கு ‘இல்லை’ என்று விடையளித்து, அட்டையை வேறொரு கணினிக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். எஸ்.டி. அட்டையின் விளிம்பிலுள்ள சிறு தாழை முன்னரே நகர்த்திவைப்பின், பெரும்பாலான வாசிப்பான்கள் அட்டையில் எதனையும் எழுதவோ அழிக்கவோ இடந்தரா.

அறியாமையால் ஏற்கெனவே ‘ஆம்’ என்று கூறிவிட்டோரும் உடனே நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. விரைவான போமற் முறை பட்டியலையே அழிக்கின்றது. படங்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் அட்டையிலே எஞ்சியிருக்கும். அவ்வட்டையைக் கொண்டு புதிதாக ஒரு படமும் எடாது வைத்திருப்பின், மீட்பு மென்பொருளால் அவற்றை மீளப் பெறுதல் பலமுறை இயலும். பெற்ற படங்களை அதே அட்டையிற் சேமிக்காது கணினியிலே சேமித்தல் வேண்டும்.

இணைப்பைத் துண்டிக்கும் முறையும் கமரா அறிமுகமாகிய வகையைப் பொறுத்ததே. சேமிப்புத் தட்டாக இணைந்த கமராவை, ‘பாதுகாப்பாக அகற்றுக’ என்னும் கட்டளையைக் கொடுத்த பின்னரே பிரித்தல் வேண்டும். கணினி எழுதிக்கொண்டிருக்கையிற் பிரித்தால் அட்டையின் பட்டியல் குலைந்துவிடும். படப்பரிமாற்ற ஒழுங்கிலே இணைந்ததாயின், மாற்றம் முடிந்ததென உறுதிசெய்து, கமராவை அணைத்து, வடத்தை அதன் முனையைப் பிடித்து நேரே இழுத்தல் போதும்.