ஈறுக்குள் இறுகும் மருந்து

பல்லைச் சுற்றி, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு ஒன்று உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஈறு நோய் முற்றும்போது பல்லைப் பிடித்திருக்கும் நார்களும் எலும்பும் அழிந்து, அந்த இடுக்கு 5, 6 மில்லிமீட்டர் பள்ளமாகிறது. பிரஷ் அங்கே நுழையாது. கொப்பளிக்கும் நீரும் அடிவரை எட்டாது. காற்றை வெறுக்கும் பாக்டீரியாக்கள் அங்கே படலம் கட்டிக் குடியேறுகின்றன.

பாக்டீரியாவை எதிர்க்கும் மாத்திரை விழுங்கலாம்தான். ஆனால் நாலைந்து பள்ளங்களுக்காக உடம்பு முழுக்க மருந்து ஓட வேண்டும். குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து சாகும். அப்படியானால் பள்ளத்திலேயே மருந்தை ஊற்றிவிடலாமே? அங்கேதான் சிக்கல். வீங்கிய ஈறிலிருந்து ஒரு திரவம் ஓயாமல் கசிகிறது. 5 மில்லிமீட்டர் பள்ளத்தில் தேங்கி நிற்பது சுமார் அரை மைக்ரோலிட்டர். அது மணிக்கு ஏறக்குறைய 40 முறை வெளியேறிப் புதிதாக ஊறுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் மேக்ஸ் குட்சன் கணக்கிட்டார். ஓடும் வாய்க்காலில் உப்பைக் கரைத்த கதைதான்: ஊற்றிய மருந்தில் பாதி ஒரே நிமிடத்தில் போய்விடும்.

அடித்துச்செல்லும் அந்த ஈரத்தையே மருந்துக்குக் காவலாக மாற்றியதுதான் என்னை வியக்கவைக்கிறது. டாக்சிசைக்ளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து கலந்து, 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜெல்லில், தண்ணீரில் கரையாத பாலிலாக்டைடு என்ற பாலிமரை வேறொரு கரைப்பானில் கரைத்து வைத்திருக்கிறார்கள். மழுங்கிய ஊசி வழியே செலுத்தும்போது அது வழிந்தோடி மூலைமுடுக்கெல்லாம் நிறைகிறது. ஈறுத் திரவம் பட்டதும் கரைப்பான் வெளியேற, பாலிமர் அங்கேயே இறுகிவிடுகிறது. அதிலிருந்து ஒரு வாரம் மருந்து கசியும். பிறகு எடுக்க வேண்டியதில்லை; பாலிமர் தானாகச் சிதைந்து லாக்டிக் அமிலமாகிவிடும். மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு மருந்து கலந்து டென்மார்க்கில் உருவான ஜெல்லையும் ஈரம்தான் இறுக்குகிறது. அதன் கலவையில் நமக்குப் பழக்கமான நல்லெண்ணெயும் உண்டு!

ஆனால் ஜெல் மட்டும் போதாது. வேரில் படிந்த காரையையும் படலத்தையும் பல் மருத்துவர் முதலில் சுரண்டி எடுத்தாக வேண்டும். படலத்துக்குள் பதுங்கிய பாக்டீரியாவை எந்த மருந்தும் எளிதில் தொடாது. சுத்தம் செய்வதோடு ஜெல்லும் சேர்ந்தால் பள்ளத்தின் ஆழம் கூடுதலாகக் குறைவது சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். எனவே சுத்தம் செய்த பிறகும் ஆறாமல் அடம்பிடிக்கும் ஓரிரு பள்ளங்களுக்கு இதை வைத்துக்கொள்வதே சரி என்பேன். டாக்சிசைக்ளின் ஜெல் வைத்தால், அந்த இடத்தில் மட்டும் 7 நாள் பிரஷ் படக்கூடாது.