விரல்கள் போனது எதனால்?

கோயில் படிக்கட்டிலும் சந்தை வாசலிலும் விரல் மழுங்கிய கைகளை நீட்டியபடி வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை, அறுபது வயதைத் தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கை பட்டுவிடாமல் எட்ட நின்று காசு போடுவார்கள். ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்பார் ஒருவர். ‘பரம்பரை வியாதி’ என்பார் இன்னொருவர். ‘கெட்ட சகவாசம்’ என்று குரலைத் தாழ்த்துவார் மூன்றாமவர். பெருவியாதி எனப்பட்ட தொழுநோய் வந்தால் சதை அழுகும், விரல் தானாக உதிரும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போவார்கள்.

அந்த எண்ணம் படித்தவர்களிடமும் இருந்தது. தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873லேயே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள், ‘அழுகும் சதையில் கத்தி வைத்தால் ஆறாது’ என்று அறுவை மருத்துவர்கள் ஒதுங்கியே நின்றார்கள்.

இதை மாற்றியது வேலூர். கொல்லிமலையில் 1914ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, மடங்கிப்போன கை ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். அந்தக் கை அவருடைய கையை நசுக்கிவிடும் போல இறுக்கிப் பிடித்தது. அழுகுகிற கைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

அவரும் உடன் உழைத்தவர்களும் நோயாளிகளின் ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று துருவித் துருவிப் பார்த்தார்கள். துருப்பிடித்த பூட்டைத் திறக்கச் சாவியை முறுக்கினான் ஒரு பையன். எலும்பு தெரியும்படி விரல் கிழிந்தது. அது அவனுக்குத் தெரியவே இல்லை. சிலருக்கு ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இருக்காது. விழித்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. வலி இருந்தால் கையை உதறியிருப்பார். அதன் பிறகு, சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்போது விஷயம் விளங்கியது. தொழுநோய்க் கிருமி தோலையும், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளையும் தாக்குகிறது. முழங்கையில் நரம்பு கெட்டால் விரல்கள் மடங்கும், உள்ளங்கை மரத்துப்போகும். சுடச்சுட டீ இருக்கும் எவர்சில்வர் டம்ளரை மற்றவர் சட்டென்று கீழே வைப்பார். இவர் கொப்புளம் வரும்வரை பிடித்திருப்பார். முள் குத்திய காலோடு ஒரு மைல் நடப்பார். புண் சீழ் பிடித்து, மறுபடி அடிபட்டு, எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். விரல் குட்டையாவது இப்படித்தான். புண் வந்த காலுக்கு மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைத்தபோது, அது எல்லாருடைய புண்ணையும் போலவே ஆறியது. முன்கையின் நல்ல தசைநாரை எடுத்து விரல்களில் இணைத்தபோது, மடங்கிய கை நிமிர்ந்தது. அந்தக் கையால் சோறு பிசைந்து சாப்பிட முடிந்தது.

இன்றைக்கு 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் நோய் குணமாகிவிடுகிறது. மாத்திரை அட்டை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லாமல் போகிறது. மரத்த பாதத்துக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறது. தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவி, கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். வலி செய்யவேண்டிய காவலைக் கண் செய்கிறது.

சட்டமும் மாறியிருக்கிறது. நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016ல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு 2019ல் எடுக்கப்பட்டது. குணமான பிறகும் ஊனத்தோடு வாழ்கிறவர்களுக்கு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம் உண்டு.

வீட்டுக்குள் மட்டும் பழைய பயம் இன்னும் குடியிருக்கிறது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். மகளின் முதுகில் தேமல் தெரிந்தால், ‘வெளியே சொல்லாதே, கல்யாணம் நின்றுபோகும்’ என்கிறார்கள். அந்தச் சில மாத மௌனத்தில் நரம்பு கெடுகிறது. கிருமியை மருந்து கொல்லும். செத்த நரம்புக்கு உயிர் கொடுக்க அதனால் முடியாது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: இன்றும் ஒருவர் கையோ காலோ முடங்கினால், அதில் தாமதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தாமதத்துக்குக் காரணம் நாம் சுமத்தும் பழி.

உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால், அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பாவம், பரம்பரை என்ற பேச்சை வீட்டில் யார் எடுத்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். மருந்து தன் வேலையைச் செய்யும். அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுப்பது நம் பொறுப்பு.