இணைப்பை மட்டும் போட்டால் யார் வருவார்கள்?

புதுக்கோட்டைப் பக்கம் எனக்கு ஒரு நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பழைய கோயில்களைத் தேடிப் போய்ப் பார்த்து, வலைப்பூவில் எழுதுகிறார். கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பற்றிய பதிவுக்கு ஒரு மாதம் உழைத்திருந்தார். எழுதி முடித்த இரவே ஃபேஸ்புக்கில், 'புதிய பதிவு. வாசித்துக் கருத்துச் சொல்லவும்' என்று ஒரு வரி எழுதி இணைப்பைப் போட்டார். நாற்பது லைக் விழுந்தது. 'அருமை ஐயா' என்று ஏழெட்டுப் பேர் சொன்னார்கள். வலைப்பூவின் வருகைக் கணக்கைத் திறந்து பார்த்தால், உள்ளே வந்து படித்தவர்கள் ஆறே பேர்.

"நல்லா இல்லையோ?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி மனசைப் பிசைந்தது. நன்றாக எழுதிக்கொண்டிருந்த எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் கை தளர்ந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

தமிழில் வலைப்பூக்கள் பெருகிய காலத்தில் இந்தக் கவலை இவ்வளவு இல்லை. காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி இருந்தது. யார் புதிதாக எழுதினாலும் முகப்பில் தெரியும். யாராவது மறுமொழி போட்டால் அந்த இடுகை மறுபடி கண்ணில் படும். வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக நிறுத்துவார்கள். படிக்கவென்றே வந்தவர்கள் கூடிய சந்தை அது. பிறகு கூட்டம் ஃபேஸ்புக்குக்கு நகர்ந்தது. பிடித்த தளங்களை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரும் 2013 ஜூலையில் மூடப்பட்டது.

ஃபேஸ்புக்கும் எக்ஸும் அப்படிப்பட்ட சந்தை இல்லை. வந்த ஆள் தங்கள் இடத்திலேயே இருந்தால்தான் அவர்களுக்கு விளம்பர வருமானம். வெளியே அழைத்துப் போகும் இணைப்பை அவர்கள் ஏன் தூக்கிப் பிடிக்கப் போகிறார்கள்? வெறுமனே இணைப்பைப் போடாமல், விவரத்தைப் பதிவில் எழுதிவிட்டு இணைப்பைப் பதிலில் போடுங்கள் என்று 2024-இல் எக்ஸின் உரிமையாளர் ஈலான் மஸ்க்கே எழுதினார். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே போடும் இணைப்பைத் தொட்டால் திறக்கவே திறக்காது.

ஆகவே நண்பரிடம் ஒன்றுதான் சொன்னேன்: "வாங்கன்னு கூப்பிடாதீங்க சார். கோயிலைப் பத்தி அங்கேயே ஒண்ணு சொல்லுங்க."

மறுவாரம் ஒரே ஒரு படம் போட்டார். அருகருகே இரண்டு விமானங்கள், பக்கத்தில் கல் அடித்தளம் மட்டும். அதன் கீழே எழுதியது இவ்வளவுதான்: 'பெயர் மூவர் கோயில். நிற்பவை இரண்டு. இவ்வூரை ஆண்ட பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் மனைவியர் இருவர் பெயரிலும் எடுப்பித்தவை. மூன்றாவதில் எஞ்சியது இந்த அடித்தளம்தான்.' இணைப்பைக் கருத்துப் பகுதியில் வைத்தார்.

கேள்விகள் வந்தன. மூன்றாவது என்ன ஆனது, எந்த வழியாகப் போக வேண்டும், பொன்னியின் செல்வனில் வரும் கொடும்பாளூர் இதுதானா? ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி பதில் சொல்லி, 'முழுசா இங்கே எழுதியிருக்கேன்' என்று இணைப்பைக் காட்டினார். கேட்டவர்கள் போய்ப் படித்தார்கள். படித்தவர்கள் தங்கள் பக்கத்தில் பகிர்ந்தார்கள். எழுத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, அதே பதிவுதான்.

இணைப்பிலேயே தமிழருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. தலைப்பைத் தமிழில் வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது அது பெரும்பாலும் சதவீதக் குறிகளாகச் சிதறிவிடும். 'க' என்ற ஓர் எழுத்து ஒன்பது குறிகளாகும். புள்ளி வைத்த 'க்' பதினெட்டு! நாலு சொல் தலைப்பு அரைப் பக்கத்துக்கு நீளும். பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று நினைத்து விலகிப் போவார். பிளாகரில் வேறு சிக்கல்: தமிழ்த் தலைப்பை அது கண்டுகொள்ளாமல் 'பிளாக் போஸ்ட்' என்று ஓர் எண்ணோடு முகவரி கொடுத்துவிடும். எதைப் பற்றிய பதிவென்று தேடுபவருக்கும் தெரியாது. வெளியிடும் முன்பே முகவரியை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக நாமே அமைத்துவிட வேண்டும். வெளியிட்ட பிறகு மாற்றினால், ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பு அறுந்துபோகலாம்.

வாட்ஸ்அப்பில் இணைப்பு விழுந்ததும் படமும் தலைப்பும் ஒரு சின்னக் கட்டமாக வரும். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் முடிவெடுக்கிறார்கள் என்பது என் அனுபவம். 'பயணம் - பகுதி 3' என்ற தலைப்பு அங்கே ஒன்றும் சொல்லாது. 'மூன்றாவது கோயில் எங்கே?' என்றால் விரல் நிற்கும்.

குடும்பக் குழு, பழைய மாணவர் குழு என்று எல்லாவற்றிலும் இணைப்பை வீசுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். பிறந்தநாள் வாழ்த்துக்கு நடுவே வந்து விழும் கட்டுரையை யாரும் படிப்பதில்லை, குழுவில் இருப்பவர்களுக்கும் அது உறுத்தும். அதற்குப் பதில், விரும்பிக் கேட்டவர்களுக்கு மட்டும் பிராட்காஸ்ட் பட்டியல் வைக்கலாம். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கோ அதுதான் அதன் சிறப்பாகத் தெரிகிறது. நம் எண்ணைப் பதிந்து வைக்கிற அளவுக்கு ஒருவருக்கு நம் எழுத்து வேண்டியிருக்கிறது!

நண்பரின் பட்டியலில் இப்போது எண்பத்து மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அனுப்புவார். போன மாதம் கண் அறுவைச் சிகிச்சைக்காக ஒரு வாரம் எழுதவில்லை. அந்த ஞாயிறு ஒன்பது மணிக்குள் மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள்: "சார், இந்த வாரம் எந்தக் கோயிலும் வரலையே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"